சங்கக் கணக்குக்கு மென்பொருள்: கடையில் வாங்குவதா, எழுதுவிப்பதா?

சங்கம் ஒன்று தனது பேரேட்டை மூடிவைத்துவிட்டுக் கணனிக்கு மாறுவது என்று தீர்மானித்தால், அடுத்து ஒரு கேள்வி எழும். கடையில் ஆயத்தமாக விற்கும் கணக்கு மென்பொருளை வாங்குவதா, அல்லது எமது ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டு எமக்கென்றே ஒன்றை எழுதுவிப்பதா? நிர்வாக சபைக் கூட்டங்களில் இது பெரும்பாலும் விலையைப் பற்றிய பேச்சாகவே தொடங்கி, எது மலிவோ அதுவே என்று முடிந்துவிடுகிறது. நாம் இதனை அவ்வளவு இலகுவாகக் கருதவில்லை. விதை வெங்காயக் கடனும், பங்குப் பணமும், சேமிப்பும், இன்னும் போய்ச் சேராத காணியின் விபரமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கப் போகின்றன.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதிலுமிருந்தும் நாம் புறப்பட்டபோது கையில் அகப்பட்டதையே எடுத்துச் சென்றோம். பேரேடுகளைச் சுமந்து சென்றவர்கள் சிலரே. ஆகவே கணக்கைப் பதிந்து வைப்பது பற்றி எமது மக்கள் யோசிக்கும் விதம் கொழும்பு வர்த்தகர் யோசிக்கும் விதமாக இருக்க முடியாது.

முதலில் ஆயத்த மென்பொருளின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுவோம். பற்றும் வரவும் எங்கும் ஒன்றே. காசேடு, வங்கி இணக்கக் கூற்று, இருப்புப் பதிவு, ஐந்தொகை என்பவை தெல்லிப்பளைக்கு ஒரு விதமாகவும் தம்புள்ளைக்கு வேறு விதமாகவும் இருப்பதில்லை. எமது பங்குகளில் உள்ள திருமுழுக்குப் பதிவேட்டைப் பாருங்கள். அதன் நிரல்கள் எல்லாப் பங்குகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொரு பங்குத் தந்தையும் புதிதாகப் பதிவேடு வரைந்துகொண்டிருப்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான வேலைக்குப் பொதுவான கருவியே போதும். பலர் பாவித்துப் பிழை கண்டு திருத்தியது என்ற பலமும் அதற்கு உண்டு.

பெறுமதி சேர் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பரில் அது நூற்றுக்கு 15இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12 ஆயிற்று. அதே ஆண்டு செப்ரெம்பரில் 15. 2024 ஜனவரி 1ஆம் திகதி 18. நான்கு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் நான்கு மாற்றங்கள். இவ்வரிக்குப் பதிவு செய்துள்ள பெரிய சங்கம் ஒன்று, வீதத்தைச் செய்நிரலுக்குள்ளேயே எழுதி வைத்த ஒருவரிடம் மென்பொருள் வாங்கியிருந்தால், நான்கு முறையும் அவரைத் தேடிப் போயிருக்க வேண்டும். விற்பனைக்கு உள்ள பொதிகளில் இது ஓர் இலக்கத்தை மாற்றும் வேலை.

ஆனால் ஆயத்தமானது என்று நாம் சொல்வதும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டதே. இந்தியாவில் வியாபாரிகள் பரவலாகப் பாவிக்கும் டாலி என்ற கணக்கு மென்பொருள் அதற்கு நல்ல உதாரணம். பெங்களூரில் ஆலைகளுக்குப் பொருட்கள் விநியோகித்து வந்த சியாம் சுந்தர் கோயங்கா, தமது கணக்குகளுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காதபடியால் மகன் பரத்தைக் கொண்டு ஒன்றை எழுதுவித்தார். 1986இல் அப்படித் தொடங்கியதே பின்னர் இலட்சக்கணக்கானவர்களுக்கு விற்கப்பட்டது. வியாபாரி ஒருவரின் தேவையிலிருந்து பிறந்த பொருள் வியாபாரிக்கு அச்சொட்டாகப் பொருந்துவதில் வியப்பில்லை. அதன் கண்ணில் சரக்கு வாங்குபவரும் விற்பவரும் உண்டு. அங்கத்தவர் என்றொருவர் இல்லை. எமது சங்கத்திலோ விளைபொருளைக் கொண்டுவந்து தருபவர், கடன் வாங்குபவர், சேமிப்பவர், பொதுக்கூட்டத்தில் கையுயர்த்துபவர் எல்லாம் ஒரே ஆள்தான்.

காணி விடயத்துக்கு வந்தால் இடைவெளி இன்னும் பெரிது. கடை மென்பொருளுக்கு ஏக்கரும் ஹெக்டேயரும் தெரியும். எமது உறுதிகளில் இருப்பது லாச்சமும் குழியும். அதிலும் வரகு லாச்சம் என்றால் 18 குழி, நெல் லாச்சம் என்றால் 12 குழி. 16 வரகு லாச்சம் ஓர் ஏக்கர். நெல் லாச்சத்தில் அதுவே 24. இரண்டையும் "லாச்சம்" என்ற ஒரே நிரலில் பதிந்துவிட்டால் தோட்டக்காணிக்காரருக்கும் வயற்காரருக்கும் கிடைக்கும் உரம், கடன் எல்லாமே பிழைத்துவிடும். காணிக்கு ஒரு பெயர் உண்டு. உறுதியில் கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கும். தேசவழமைப்படி சீதனக் காணி மனைவியின் பெயரில் இருக்க, அங்கத்தவராகப் பதிந்து பயிர் செய்பவர் கணவராக இருப்பார். ஒற்றிக்கு எடுத்த காணியில் பயிர் செய்பவர் வேறு, உரித்தாளர் வேறு. உரித்தாளர் ரொறன்ரோவில் இருக்கவும் கூடும். 2017 ஜூலையில் மயிலிட்டியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது அம்மக்கள் 27 ஆண்டுகளின் பின்னரே தமது மண்ணில் கால் வைத்தார்கள். வேலியும் எல்லைக்கல்லும் அழிந்துபோன இடத்தில் எது யாருடைய காணி, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பதே முதற்கேள்வி. பெயர், முகவரி, தொலைபேசி என்று மூன்று கட்டங்களை மட்டும் காட்டும் மென்பொருளிடம் அதற்கு விடை கிடையாது. பூர்வீக முகவரி, இடம்பெயர்ந்து இருந்த முகவரி, இப்போதைய முகவரி ஆகிய மூன்றுமே எமக்கு வேண்டியிருக்கிறது.

எனவே எமது கருத்து இதுதான்: காசுக் கணக்குக்குக் கடையில் உள்ளதை வாங்குங்கள், அங்கத்தவர், காணி, கிணறு, விளைபொருள் கொள்வனவு ஆகிய பதிவுகளுக்கு உங்களுடையதை உருவாக்குங்கள். மண்வெட்டியின் தகட்டைக் கடையில் வாங்கி, பிடியை எமது உயரத்துக்குப் பார்த்துப் போடுவதில்லையா?

எமக்கு ஏற்றது எங்கும் இல்லாதபோது நாமே எழுதலாம் என்பதற்கு எமது நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் ஒருங்கே பதிவதற்கு அரசாங்கத்திடம் எதுவும் இருக்கவில்லை. இந்நாட்டுக் கணனித் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் பலர் கூடிச் சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். சஹானா என்று பெயரிட்டார்கள்; சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். பின்னர் லங்கா மென்பொருள் மன்றத்தின் முயற்சியால் அது யாரும் எடுத்துப் பாவித்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வளர்ந்தது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. இடம்பெயர்ந்தோருக்கென இலங்கையில் எழுதப்பட்டது, உலகில் வேறு இடம்பெயர்ந்தோருக்கு ஆயத்தப் பொருளாயிற்று.

ஆனால் சஹானா பலர் கூடிச் செய்தது. அதன் மூலச் செய்நிரலும் மறைத்து வைக்கப்படவில்லை. எமது சங்கங்களில் நடக்கக்கூடியது வேறு. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுதித் தரும். எமது பிள்ளைகளிடம் திறமைக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆண்டுதோறும் கணனி விஞ்ஞானம் படித்தவர்கள் வெளியேறுகிறார்கள். அடுத்த ஆண்டு அப்பிள்ளைக்கு விசா வந்துவிடும். போகவேண்டாம் என்று மறிக்க எமக்கு உரிமையில்லை. ஆனால் மூலச் செய்நிரலைச் சங்கத்திடம் ஒப்படைத்த பின்னரே கடைசித் தவணைப் பணம் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் ஒப்பந்தம் செய்ய எமக்கு உரிமை உண்டு. எழுதியவர் அருகில் இல்லாதபோது இன்னொருவர் அதனைப் படித்துத் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்கு மறுப்பவரிடம், அவர் எவ்வளவு நெருங்கிய உறவினராயினும், வேலையைக் கொடாதீர்கள்.

சங்கத்துக்குச் சங்கம் வெவ்வேறாக எழுதுவிப்பதிலும் ஆபத்துண்டு. இந்தியாவில் ஆரம்ப விவசாயக் கடன் சங்கங்களைச் சில மாநிலங்கள் தத்தம் மென்பொருளுடன் கணனிமயமாக்கியிருந்தன. அவை ஒரே தன்மையாக இருக்கவுமில்லை, மத்திய கூட்டுறவு வங்கிகளுடன் இணையவுமில்லை. 2022 ஜூன் 29ஆம் திகதி இந்திய அரசு 63,000 சங்கங்களுக்கு ஒரே பொது மென்பொருள் என்ற திட்டத்துக்கு 2,516 கோடி ரூபா ஒதுக்கி அனுமதி வழங்கியது. எமக்கு அந்தப் பணம் இல்லை. ஆனால் அயலிலுள்ள நாலைந்து சங்கங்கள் சேர்ந்து ஒன்றை எழுதுவித்தால் செலவும் பகிரப்படும், எழுதியவர் போனாலும் அதனை அறிந்தவர் ஒருவராவது மிஞ்சுவார்.

மாதாமாதம் டொலரில் கட்டணம் கட்டி இணையத்தில் பாவிக்கும் மென்பொருள்களை விற்க வருவோரும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அத்தகைய கட்டணம் கட்டிவந்த ஒருவருக்கு அது என்ன செய்திருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாவிட்டால் கணக்கைத் திறக்க முடியாது என்ற நிபந்தனையும் இருந்தால், எமது பேரேடு இன்னொருவர் வீட்டு அலுமாரியில் இருப்பதாகவே பொருள்.

உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாத மென்பொருளை நம்பியதன் விளைவைப் பிரித்தானியாவில் கண்டோம். அங்கு தபால் நிலையங்களில் வைக்கப்பட்ட ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பணக்குறைவைக் காட்டியது. 1999 தொடக்கம் 2015 வரை 900க்கும் அதிகமான உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டனர்; சிலர் சிறை சென்றனர். கணனி பிழை விடாது என்று அதிகாரிகள் சாதித்தார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளை நீக்கும் சட்டம் 2024 மே மாதத்தில்தான் வந்தது. எமது சங்கத்தின் காசாளர் ஒருவருக்கு இந்நிலை வரக்கூடாது. எனவே வாங்கினாலும் எழுதுவித்தாலும், ஒவ்வொரு பதிவையும் யார், எப்போது செய்தார், பின்னர் யார் மாற்றினார் என்பதைக் காட்டாத மென்பொருளை ஏற்காதீர்கள். பற்றுச்சீட்டின் அடிக்கட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினி எழுத்துருவில் பதிந்த பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணனியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். பெயர்கள் யாவும் யுனிகோட்டிலேயே இருக்க வேண்டும். எந்தக் கணனியிலும் திறக்கக்கூடிய சாதாரண அட்டவணையாக முழு விபரத்தையும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, ஒரு பிரதியைச் சங்கத்திலும் மறு பிரதியை வேறு ஊரிலும் வையுங்கள். அங்கத்தவர் மீதிகளைக் கடதாசியில் அச்சிட்டும் வையுங்கள். மீண்டும் ஓடவேண்டி வரும் என்று நாம் சொல்லவில்லை. மழை வெள்ளமும் கறையானும் எப்போதும் இருக்கின்றன.

விலை கேட்பதற்கு முன் இரண்டு பேரிடம் பேசுங்கள். கூட்டுறவுத் திணைக்களக் கணக்காய்வாளரிடம், எந்த அமைப்பில் அறிக்கை வேண்டும் என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மற்றவர், சங்கத்தில் நாளாந்தம் பதிவு எழுதும் பிள்ளை. நிர்வாக சபைக் கூட்டத்துக்குத் தேநீர் கொண்டு வருவதற்கு மட்டும் அவரை அழைக்காமல், ஒரு கதிரை போட்டு அமரச் செய்து, வெங்காயம் வந்து குவியும் நாளில் எந்த இடத்தில் கணக்குத் தடைப்படுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, அந்தக் கொப்பியோடு கடைக்காரரிடமோ செய்நிரலாளரிடமோ போங்கள்.