வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும்

 

சென்ற மாதம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். கணவர் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைத் தொழிலாளி. "ஹஜ்ரத், என் 16 வயது மகன் தன்னைப் பெண் என்கிறான். ஒரு தாயத்து தாருங்கள்" என்று அழுதார். ஓதிப் பார்த்தவருக்கும், ஊசி போட்டு மாற்றித் தருவதாகச் சொன்ன மருத்துவருக்குமாக நான்கு மாதக் கூலி போயிற்று. பிள்ளைக்கு மிஞ்சியது அச்சமும் உறக்கமின்மையுமே.

நான் தாயத்து தரவில்லை. முன்பு என்னிடம் ஓதிய ஒரு சிறுவனின் நடையையும் பேச்சையும் பிரம்பால் திருத்த முயன்றவன் நான். 17 வயதில் அவன் வீட்டைவிட்டுப் போனான், இன்றுவரை திரும்பவில்லை. பெருநாளன்று அவன் தாய் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் மறுமையில் பதில் சொல்ல வேண்டும்.

இது மனநோய் அன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் இதனை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிற்று. மருத்துவத்தின் பெயரால் ஒருவரின் பாலின உணர்வை மாற்ற முயல்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடை செய்தது. அவ்வாறு செய்வது தொழில் ஒழுக்கக்கேடு எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் அறிவித்தது. ஆகவே, "மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் பணத்தையும் பிள்ளையையும் ஒப்படைக்காதீர்கள்.

"மார்க்கம் என்ன சொல்கிறது?" என்பீர்கள். உடலமைப்பில் இருபாலும் கலந்து பிறந்தோரைப் பற்றி நம் ஃபுகஹாக்கள் அன்றே ஆராய்ந்தனர். மதரஸாக்களில் ஓதப்படும் 'ஹிதாயா'வின் இறுதிப் பகுதியே 'குன்ஸா' பற்றியதுதான். உடலன்றி உள்ளத்தால் வேறுபட்டோரின் நிலை வேறு. அவர்களுக்கு அறுவை சிகிச்சை கூடும் என ஈரானில் ஆயத்துல்லாஹ் கொமெய்னி 1980களில் அனுமதித்தார். மறுத்த உலமாக்கள் பலர். ஆயினும் பிள்ளைக்கு உணவும் உறைவிடமும் மருந்தும் அளிப்பது நம் கடமை. இந்த விவாதம் முடியும்வரை அக்கடமை காத்திருக்காது.

இளம்பிள்ளைக்கு முதலில் வேண்டுவது அறுவை அன்று. பதறாமல் செவிமடுக்கும் ஒரு மருத்துவர். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. சென்னை இராஜீவ் காந்தி, மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனைகளில் திருநங்கையருக்கெனத் தனிப் பிரிவுகளே தொடங்கப்பட்டன.

அந்தத் தாயைச் சேலத்துக்கு அனுப்பினேன். அத்தாவும் பட்டறைக்கு விடுப்புச் சொல்லி உடன் சென்றார். பிள்ளை இப்போது இரவில் உறங்குகிறது, வீட்டில் இருக்கிறது.

பிரிந்து போன பிள்ளைகளை வல்ல அல்லாஹ் தாய்மாரிடம் சேர்ப்பானாக! என்னையும் மன்னிப்பானாக! ஆமீன்.