பெயர் தெரியவில்லை

முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒப்பாரி சேகரித்து ஊர் ஊராக அலைந்த காலத்தில் ஒரு பாட்டியைச் சந்தித்தேன். "சாவு விழாத வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாது தாயி" என்று என்னைக் களத்துமேட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே உட்கார்ந்து, புகுந்த வீட்டில் செத்துப்போன தன் மூத்த மகளுக்காகப் பாடினார். மாப்பிள்ளை வீட்டாரைப் பெயர் சொல்லி ஏசிப் பாடினார். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவர் 'தகவலாளி 14'.

பல ஆண்டுகள் கழித்து ஒரு நிறுவனம் அந்த ஒலிநாடாக்களை மின்னாக்கம் செய்யக் கேட்டது. மரபைக் காக்கிறோம் என்ற பெருமிதத்தோடு கொடுத்தேன். இணையத்தில் ஏற்றினார்கள். ஆக்கியவர் என்ற கட்டத்தில் என் பெயர். பாடியவர்: பெயர் தெரியவில்லை.

பாட்டியின் பேத்தி என்னைத் தேடிப்பிடித்துக் கேட்டாள்: "அக்கா, அது எங்க அம்மாச்சி குரல். எங்க பெரியம்மா செத்த கதை. யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

யாரையும் கேட்கவில்லை. பெயர் தெரியாமலும் இல்லை. என் களக்குறிப்பேட்டில் இருந்தது. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

தொழில்நுட்பத்தின் மேல் பழிபோட முடியாது. ஆவணகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் டப்ளின் கோர் விவரிப்பு முறையில் 15 கூறுகள் உண்டு. ஆக்கியவருக்கு ஒன்று, பங்களித்தவருக்கு ஒன்று, உரிமைக்கு ஒன்று. சட்டமும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 38பி பிரிவு, நிகழ்த்தியவர் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லிக் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஒப்பாரி பாடுகிறவளை ஆசிரியராகப் பார்க்கும் கண்தான் நமக்கு இல்லை.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் நம் நூல்களை மின்னாக்கினார்கள். அந்த உழைப்பை வணங்குகிறேன். எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற அறம் அங்கே பொருந்தும். ஊரறியப் பதிப்பித்த நூலும், ஒருத்தி என்னை நம்பிக் களத்துமேட்டில் பாடிய பாட்டும் ஒன்றா?

இப்போது எந்தத் திட்ட வரைவை எடுத்தாலும் 'சமூகப் பங்கேற்பு' என்ற சொல் இருக்கிறது. நடப்பது என்ன? ஊர்ப் பெரியவர்களைப் பார்க்கிறோம், சால்வை போர்த்துகிறோம், படம் எடுக்கிறோம். அவர்கள் தலையாட்டினால் ஊரே சம்மதித்ததாக எழுதிக்கொள்கிறோம். பெண்களின் பாட்டை ஏற்றவும் மறைக்கவும் ஆண்களிடம் அனுமதி வாங்குவதற்குப் பெயர் பங்கேற்பா?

வேறு வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு பழங்குடியினரோடு சேர்ந்து உருவாக்கிய 'முகுர்து' மென்பொருளில், எந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதைச் சமூகமே வகுக்கலாம். பெண்களுக்கு மட்டும் உரியதைப் பெண்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். பாடியவரின் பெயரை அவர் விருப்பம் கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் மறு பேச்சில்லாமல் இறக்குங்கள். பாட்டுக்கு விளக்கம் எழுதும்போது பாடியவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

அந்தப் பதிவை நீக்கச் சொல்லி எழுதினேன். வாரிசு எழுத்துமூலம் கேட்டால் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பாட வைத்தபோது யாரும் எழுத்துமூலம் எதையும் கேட்கவில்லையே! பேத்தி எழுதிக் கொடுத்துவிட்டாள். பாட்டியின் பெயரை இங்கே நான் எழுதாமல் விட்டிருப்பதும் அவள் சொன்னதால்தான்.