சாம்பல் யார் வாசலில்?

அடுப்பு மூட்டியவர் சாம்பலை அள்ளவேண்டும். இது சட்டப் புத்தகத்து விதி அல்ல, குடிசை விதி. சாம்பலை அள்ளி அடுத்த வீட்டு வாசலில் கொட்டுகிறவரை ஊர் சும்மா விடாது. நாட்டுக்கே விளக்கேற்றப் போகிறோம் என்று அணு உலை மூட்டியிருக்கிறார்களே டில்லியார், அவர்களை நாம் கேட்பதும் அந்தக் குடிசைக் கேள்விதான். உலை எரிகிறது, சரி. சாம்பல் எங்கே போகிறது?

"கூடங்குளம் நெல்லைச் சீமையிலே இருக்கிறது. கல்பாக்கம் சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. தருமபுரிக்காரருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. அவர்களுக்கான பதில் நமக்கு வடக்கே, எல்லைக்கு அப்பால், கோலாரில் இருக்கிறது.

2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த நேரம். கழிவை என்ன செய்வீர்கள் என்ற கேள்வி எழுந்தது. கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலே புதைக்கலாம் என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது. கோலார் மக்கள் கொதித்து எழுந்தனர். கர்நாடக அரசே எதிர்ப்புக் குரல் கொடுத்தது. சில நாட்களுக்குள் அணுசக்தித் துறை, "அப்படியொரு திட்டம் இல்லை" என்றது.

இல்லையென்றால் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பெயர் வாயில் வந்தது எப்படி? கோலார்ச் சுரங்கத்தின் கைவிடப்பட்ட பகுதியில், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், கழிவின் வெப்பத்தைப் பாறை தாங்குமா என்று பார்க்க அணு ஆராய்ச்சியாளர்கள் முன்பே சோதனை நடத்தியவர்கள். ஆராய்ச்சி செய்வதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. சுற்றியுள்ள ஊர்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லையே, அதைத்தான் கேட்கிறோம்.

கோலார் யாருடைய ஊர்? 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் தோண்டியது. கம்பெனிதான் வெள்ளைக்காரனுடையது. தோண்டிய கை யாருடையது? சேலம், வட ஆர்க்காடு, சித்தூர் மாவட்டங்களிலிருந்து வயிற்றைக் கட்டிக்கொண்டு போனவர்களுடைய கை. அன்று தருமபுரி சேலம் மாவட்டத்துக்குள்ளே இருந்தது; 1965இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. நிலமில்லாத பஞ்சைகள், பெரும்பாலும் ஆதிதிராவிடத் தோழர்கள், 3 கிலோமீட்டருக்கு மேல் பூமிக்குள்ளே இறங்கினார்கள். மேலே வந்த தங்கம் சீமைக்குப் போயிற்று. உள்ளே போன தூசி அவர்கள் நுரையீரலிலே தங்கிற்று.

அந்தத் தூசிக்கு சிலிக்கோசிஸ் என்று பெயர் வைத்தார்கள் மருத்துவர்கள். அது தொழிலால் வரும் நோய், அதற்கு இழப்பீடு தரவேண்டும் என்று மைசூர் அரசு விதி வகுத்தது 1940இல். சுரங்கம் தோண்டத் தொடங்கி அறுபது ஆண்டு கழித்து! அதே நாற்பதுகளில் 7,653 தொழிலாளரைச் சோதித்துப் பார்த்தபோது 3,472 பேருக்கு அந்த நோயின் அடையாளம் இருந்தது. அறுபது ஆண்டுகளில் எத்தனை பேர், "ஏதோ இருமல்" என்ற பெயரில் சுடுகாட்டுக்குப் போயிருப்பார்கள்? எந்தக் கணக்கிலே அவர்கள் இருக்கிறார்கள்?

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். நீர் இறைக்கும் பொறிகள் நின்றன. சுரங்கத்திலே தண்ணீர் ஏறிற்று. தங்கம் இருந்தவரை அது பொன் விளையும் பூமி. தங்கம் தீர்ந்ததும், நஞ்சைப் போட நல்ல குழி! ஏழையின் ஊரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன எடுத்துக்காட்டு வேண்டும்?

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு என்றால் என்ன என்று தருமபுரி மாவட்டத்துக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. நம் கிணற்றுத் தண்ணீரிலே ஃபுளோரைடு இருந்தது. நிறமில்லை, மணமில்லை, குடித்தால் தாகமும் தீர்ந்தது. ஆனால் பிள்ளைகளின் பல்லிலே கறை ஏறிற்று, பெரியவர்களின் எலும்பு இறுகிற்று, முதுகு வளைந்தது. தலைமுறை தலைமுறையாக அதைத் தலைவிதி என்று நம்பினார்கள். விதி அல்ல, தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்த பிறகு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டி, 1,928 கோடி ரூபாய்த் திட்டமாக அதை நிறைவேற்ற வேண்டி வந்தது. பாறையிலே இயற்கையாக இருந்த ஒரு பொருளுக்கே இந்தப் பாடு. மனிதன் கொண்டுபோய் வைக்கும் பொருளுக்கு எத்தனை விழிப்பு வேண்டும்!

அந்தப் பொருள் என்ன என்பதையும் தோழர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். உலையிலே எரிந்து தீர்ந்த யுரேனியக் கோல்களை வெளியே எடுத்ததும் அவை ஆறுவதில்லை. தண்ணீர்த் தொட்டியிலே ஆண்டுக்கணக்கில் மூழ்கவைத்து ஆற்றவேண்டும். பிறகு சிலவற்றைக் கரைத்து, மீண்டும் பயன்படும் பொருளைப் பிரித்தெடுத்து, மிஞ்சிய கடுங்கழிவைக் கண்ணாடியாக உருக்கி வார்த்து, உருக்குக் கலத்தில் அடைக்கிறார்கள். அந்தக் கழிவில் உள்ள சீசியம் பாதியாகக் குறைய 30 ஆண்டு ஆகும். புளுட்டோனியம் பாதியாகக் குறைய 24,000 ஆண்டு ஆகும். வள்ளுவர் வாழ்ந்து இரண்டாயிரம் ஆண்டு என்கிறோம். அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு! அத்தனை காலம் காவல் காக்க எந்த அரசு இருக்கும்? எந்த மொழியிலே எச்சரிக்கைப் பலகை எழுதுவது? ஆகவேதான் ஆழமான பாறைக்குள்ளே புதைக்கவேண்டும் என்று உலகத்து அறிஞர்கள் சொல்கிறார்கள். இந்தியாவிலே அப்படிப்பட்ட நிரந்தரக் கிடங்கு ஒன்றுகூடக் கிடையாது.

கூடங்குளத்தின் கதையைப் பாருங்கள். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தபோது, எரிந்த கோல்கள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போகும் என்றார்கள். 1998இல் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். கோல்கள் இங்கேயே தங்கும் என்றாயிற்று. 2013 மே 6இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு உலைக்கு இசைவு தந்தது. எரிந்த கோல்களை உலைக்கு வெளியே வைக்க 5 ஆண்டுக்குள் தனிக் கிடங்கு கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. 2018இல் மறுபடியும் நீதிமன்றப் படியேறி, இன்னும் காலம் வேண்டும் என்றார்கள். 2022 ஏப்ரல் வரை அவகாசம் கிடைத்தது. 2019 ஜூலை 10இல் இராதாபுரத்தில் மக்கள் கருத்தைக் கேட்பதாக அறிவித்து, அந்தக் கூட்டத்தையும் தள்ளிவைத்தார்கள். மின்சாரம் கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் கம்பியிலே ஓடிவிடுகிறது. கோல்கள் மட்டும் ஓடுவதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்வோம். நாம் மின்சாரத்துக்கு எதிரிகள் அல்ல. நிலக்கரிப் புகையும் நெஞ்சை அரிக்கிறது; மேட்டூர்ச் சாம்பலை நாம் அறிவோம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது கல்பாக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அதைச் செய்த தொழிலாளரும் பொறியாளரும் பாராட்டுக்கு உரியவர்கள். மருத்துவத்துக்கும் கதிரியக்கம் பயன்படுகிறது. புற்றுநோய்க்காரர்கள் அதனால் பிழைக்கிறார்கள்.

ஆனால் நல்லதை முரசறைந்து சொல்கிறவர்கள், கெட்டதை மட்டும் காதோடு காதாகக்கூடச் சொல்வதில்லையே, ஏன்? 2003 ஜனவரியில் கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, கடுங்கழிவு வேறு தொட்டிக்குள் வந்துவிட்டது. அறியாமல் உள்ளே போன 6 தொழிலாளர் அளவுக்கு மீறிய கதிரியக்கத்துக்கு ஆளாயினர். எச்சரிக்கும் கருவி அந்த இடத்திலே இல்லை. தொழிற்சங்கம் போராடி, மாதங்கள் கடந்த பிறகுதான் நாட்டுக்குச் செய்தி தெரிந்தது. 2019 அக்டோபர் 29இல், கூடங்குளத்துக் கணினியிலே கள்வர் நுழைந்தார்கள் என்பது பொய் என்றார்கள். மறுநாள் 30ஆம் தேதி, நிர்வாகப் பிரிவுக் கணினி ஒன்றில் நுழைந்தது மெய் என்றார்கள். ஓர் இரவுக்குள் பொய் மெய்யாகும் இடத்தில், மக்கள் எதை நம்புவது?

2010 ஏப்ரலில் டில்லி மாயாபுரியில் நடந்ததை ஒவ்வொரு தொழிலாளியும் நினைவில் வைக்கவேண்டும். டில்லிப் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் கிடந்த பழைய கருவி ஒன்றை ஏலத்தில் விட்டார்கள். அது பழைய இரும்புக் கடைக்கு வந்தது. அதற்குள்ளே கோபால்ட் இருந்தது. வெட்டிப் பிரித்தவர்களுக்கு அது தெரியாது. உடல் வெந்தது, முடி கொட்டிற்று, ஒருவர் மாண்டார், மேலும் பலர் மருத்துவமனையில் கிடந்தனர். படித்தவர்கள் பட்டியல் போட்டு விற்றார்கள். படிக்காதவர் உயிரைக் கொடுத்து வாங்கினார்!

கேள்வி கேட்டால், "இது மூடநம்பிக்கை, விஞ்ஞானத்துக்கு விரோதம்" என்கிறார்கள். நமக்கா இந்தப் பாடம்? "சாமி குற்றம், கேட்காதே" என்றவரையே ஏன் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். "நிபுணர் சொல், கேட்காதே" என்பதும் அதே பூசாரி பாஷைதான். விபூதித் தட்டுக்குப் பதில் வெள்ளை அங்கி. விஞ்ஞானம் கேள்வியிலே பிறந்தது. கேட்பவரைக் கண்டு அஞ்சுவது விஞ்ஞானம் ஆகாது, அதிகாரம்தான். இடிந்தகரையிலே கேள்வி கேட்ட மீனவ மக்கள் ஆயிரக்கணக்கானவர் மீது வழக்குப் போட்டார்கள். அரசுக்கு எதிரான துரோகம் என்ற பிரிவிலும் போட்டார்கள்.

சட்டமாவது காப்பாற்றுமா? 2012இல் மத்தியத் தணிக்கை அதிகாரி, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தை ஆராய்ந்து அறிக்கை தந்தார். விதி மீறினால் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய் என்று அதிலே இருந்தது. சந்தையிலே இரண்டு கோழி வாங்கும் காசு! 2025 டிசம்பரில் 'சாந்தி' என்ற பெயரிலே புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்திருக்கிறார்கள், அதை வரவேற்கிறோம். ஆனால் தனியார் முதலாளிகளுக்கும் அணு உலைக் கதவு திறந்துவிட்டது. போபாலில் 1984இல் பட்ட பாட்டினால் 2010ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஒரு விதி வைத்தார்கள்: பழுதுள்ள கருவியை விற்ற கம்பெனியிடம், உலை நடத்துகிறவர் நட்டத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று. புதுச் சட்டத்திலே அந்த விதி போய்விட்டது. கடுங்கழிவின் நிர்வாகமோ மத்திய அரசின் பொறுப்பிலேயே நிற்கிறது. மின்சாரம் விற்ற காசு முதலாளி பெட்டிக்கு. சாம்பல் மக்கள் தலைக்கு. யாருக்குச் சாந்தி இது?

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பின்லாந்து நாட்டிலே 400 மீட்டருக்கு மேல் ஆழத்தில் பாறையைக் குடைந்து, 'ஒங்காலோ' என்ற கழிவுக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். அந்த நாட்டுச் சட்டப்படி, கிடங்கு அமையும் ஊரின் மன்றம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தலைநகரம் மீற முடியாது. யூராயோக்கி என்னும் சிற்றூரின் மன்றம் 2000ஆம் ஆண்டிலே இசைவு தந்த பிறகே வேலை நடந்தது. அமெரிக்காவிலோ 1987இல் யூக்கா மலையைத் தலைநகரமே தேர்ந்தெடுத்தது. அந்த மாநிலம் எதிர்த்தது. கோடி கோடியாகக் கொட்டியும் திட்டம் முடங்கிற்று. ஊரைக் கேட்டவர் கட்டினார். கேட்காதவர் குழி வெட்டிவிட்டு நிற்கிறார்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. கழிவு வைக்க எந்த இடத்தை ஆராய்ந்தாலும், முதல் நாளிலேயே அந்த வட்டாரத்துக்குத் தாய்மொழியிலே அறிவித்து, கிராம சபையின் இசைவு பெறவேண்டும். கோலார் போன்ற எல்லை ஊராக இருந்தால், பாலாற்று நீரைக் குடிக்கும் இந்தப் பக்கத்து மக்களையும் கேட்கவேண்டும். உலையிலும் ஆலையிலும் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தக் கூலி உட்பட, அவர் உடல் ஏற்ற கதிரியக்க அளவு எழுதிய அட்டை அவர் கையிலேயே இருக்கவேண்டும். எந்த விபத்தும் நடந்த அன்றே வெளியிடப்படவேண்டும். இவை நடக்காத வரையில், புது உலைக்குத் தேதி குறிப்பது முறையல்ல.

தோழர்களே! வேலை தேடித் தருமபுரியிலிருந்து நம் பிள்ளைகள் போகாத ஊர் எது? கோலாருக்குப் போன பாட்டனாருக்கு, தாம் சுவாசிப்பது என்ன என்று யாரும் சொல்லவில்லை. நாளை ஓர் ஆலைக்குள் நுழையும் பேரனுக்காவது அது தெரியவேண்டும். படிப்பகத்திலே இதைப் படித்துக் காட்டுங்கள். மே நாள் கிராம சபையிலே எழுந்து கேளுங்கள். "அடுப்பை அணைக்க வந்தாயா?" என்று மிரட்டினால், அமைதியாகச் சொல்லுங்கள்: சாம்பல் எங்கே என்று கேட்பவன் இந்த வீட்டிலே குடியிருப்பவன்.