தொழினுட்பக் கல்விச் சீர்திருத்தம்: பெயர் மாற்றமா, தர மாற்றமா?

தொழினுட்பக் கல்வியின் இன்றியமையாமை பற்றிப் பேசாத அரசு எமது நாட்டில் இருந்ததில்லை. ஆயினும், தம் பிள்ளை தொழினுட்பக் கல்லூரியிற் பயில்கின்றான் என்று பெருமையுடன் கூறும் பெற்றோரைக் காண்பது அரிது. இம்முரண்பாட்டுக்குச் சமூகத்தின் மனப்பான்மையே காரணம் என்று கூறி ஆட்சியாளரும் அறிஞரும் தப்பித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அம்மனப்பான்மை தானாகத் தோன்றியதன்று. அரசு எதற்குத் தாராளமாகச் செலவிடுகின்றது, எதற்குக் கைசுருக்குகின்றது என்பதை மக்கள் அவதானித்தே எது மதிப்புடையது என முடிவுசெய்கின்றனர். ஆகவே, மாற வேண்டியது முதலில் அரசின் செலவு முறையே என்பது எமது வாதம்.

வரலாற்றைச் சற்று நோக்குவோம். மருதானையில் அரசாங்கத் தொழினுட்பப் பாடசாலை தொடங்கப்பட்டது 1893இல். இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியதோ 1942இல். வயதில் மூத்தது தொழினுட்பக் கல்வியே. மதிப்பில் அது இளையதாகவே இருந்துவந்துள்ளது. 1960இல் கட்டுபெத்தையில் கனடாவின் உதவியுடன் செயன்முறைத் தொழினுட்ப நிறுவகம் அமைந்தது. அது 1966இல் தொழினுட்பவியற் கல்லூரியாகவும், 1972இல் பல்கலைக்கழக வளாகமாகவும், 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது. இவ்வுயர்ச்சியை நாம் குறைகூறவில்லை. அங்கு டிப்ளோமா நெறியும் அற்றுப்போகவில்லை. எனினும், நடுநிலைத் தொழினுட்பவியலாளரை உருவாக்க எழுந்த ஒரு நிறுவனம், பட்டம் வழங்கிய பின்னரே பெருமை பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது.

1971ஆம் ஆண்டின் இளைஞர் கிளர்ச்சி, படித்தும் வேலையற்றிருந்த தலைமுறையொன்றின் இருப்பை ஆட்சியாளருக்கு உணர்த்திற்று. அதன் பின்னர் 1972இல் வந்த கல்விச் சீர்திருத்தம் பாடசாலைகளில் தொழின்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. அப்பாடங்களைக் கற்பிக்கப் போதிய பயிற்சி பெற்றோர் இருக்கவில்லை, கருவிகளும் இருக்கவில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. கருத்து தவறானது என்பதால் அது தோற்றதா, செலவிடாது செய்ய முற்பட்டமையால் தோற்றதா என்ற வினாவை எவரும் ஆற அமர ஆராயவில்லை.

அதன் பின்னர் வந்தவை சட்டங்களும் சபைகளும். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. 1995இல் தொழிற் பயிற்சி அதிகாரசபை வந்தது. 2004இல் ஏழு மட்டங்களைக் கொண்ட தேசிய தொழிற்றகைமைச் சட்டகம் வந்தது. தொழிற்கல்வித் துறைக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாயிற்று. 2013இல் க.பொ.த. உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை தொடங்கியது. இவற்றுட் பல பயனுடையவை என்பதை மறுப்பதற்கில்லை. முறைசார் கல்வி பெறாத தொழிலாளியும் தன் அனுபவத்தைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம் என்பது தகைமைச் சட்டகம் தந்த நன்மை. ஆயினும், பெயர்ப்பலகை மாறுவது வேறு. பலகைக்குப் பின்னால் நிகழும் கற்பித்தல் மாறுவது வேறு.

தொழினுட்பக் கல்வியின் தரம் எங்கே தங்கியிருக்கின்றது? கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் பயிலுநனை எண்ணிப் பார்ப்போம். ஓர் உருக்குத் துண்டைக் குறித்த அளவுக்கு மயிரிழை பிசகாது கடைய அவன் கற்க வேண்டும். முதலிற் கடையும் துண்டுகள் பழுதாகும், பழுதாக வேண்டும். அவ்வாறு பழுதாக்குவதற்கு உருக்கு வேண்டும், வெட்டலகு வேண்டும், மின்சாரம் வேண்டும், அருகில் நின்று அவன் கைப்பிழையைத் திருத்தும் போதனாசிரியர் வேண்டும். இருபது பேருக்கு ஓர் இயந்திரமும், அவ்வியந்திரத்துக்கு உதிரிப்பாகமும் இல்லையெனில், ஒருவன் செய்யப் பத்தொன்பது பேர் பார்த்திருப்பர். அது கல்வியன்று, காட்சி.

இங்கேதான் எமது பாதீட்டு முறையின் குறை வெளிப்படுகின்றது. ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் கடனுதவியோடு இத்துறையிற் பல செயற்றிட்டங்கள் நிறைவேறியுள்ளன. கடன் கட்டடமாகும், இயந்திரமாகும், திறப்பு விழாவுமாகும். செயற்றிட்டம் முடிந்த மறுநாள் தொடங்கும் செலவு எவருடையது? அது திறைசேரியின் மீண்டெழும் செலவு. நிதி நெருக்கடி நேர்கையில் சம்பளத்தை வெட்ட இயலாது. கட்டடத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இயலாது. வெட்டுவதற்கு இலகுவானவை ஒட்டுக்கம்பியும் உருக்கும் திருத்தவேலையுமே. கல்வியின் உயிர் எதுவோ அதுவே முதலிற் பறிபோகின்றது.

போதனாசிரியரின் நிலையும் இத்தகையதே. திறமையான பொறித்திருத்துநர் ஒருவருக்குத் தனியார் நிறுவனமோ வெளிநாடோ தரும் ஊதியத்தை அரச சம்பளத் திட்டம் தருவதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இவ்விடைவெளியை மேலும் அகலமாக்கிற்று. பணியில் நிலைத்திருப்பவரும் தொழிற்றுறைக்கு மீண்டு சென்று புதியன கற்க ஒழுங்கில்லையெனில், தாம் இளமையிற் கற்றதையே முதுமைவரை கற்பிக்கும்படி விடப்படுகின்றார்.

தமிழ் மாணவனுக்கு மேலுமொரு தடையுண்டு. மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். சுதந்திரத்தின் பின் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. ஆகவே தமிழில் இயலாது என்ற வாதம் செல்லாது. இயந்திரத்தின் கைந்நூல் ஆங்கிலத்திலும், விளக்கம் அரைகுறைத் தமிழிலும் கிடைக்குமாயின், மாணவன் இரண்டிலும் தேறான். தரமான தமிழ்ப் பாடநூலும், அதனோடு தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலமும் அவனுக்கு வேண்டும். இவ்விரண்டும் பணச் செலவின்றி வாரா.

இதனைத் தனியார் துறையிடம் விட்டுவிடலாமே என்பர் சிலர். ஒரு நிறுவனம் தன் செலவிற் பயிற்றிய தொழிலாளியை அயல் நிறுவனம் கூடிய ஊதியத்துக்கு அழைத்துக்கொள்ளும். இவ்வச்சத்தால் எந்நிறுவனமும் தன் இயந்திரத்துக்கு வேண்டிய அளவே கற்பிக்கும். பரந்த அடிப்படையைக் கற்பியாது. தனியார் பங்களிப்புக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் ஜேர்மனியிலும், தொழிலகம் பயிலுநனுக்குப் படி வழங்க, தொழிற் பாடசாலையை அரசே நடத்துகின்றது. சிங்கப்பூரில் 1992இல் அமைந்த தொழினுட்பக் கல்வி நிறுவகம் தோற்றோரின் புகலிடமென ஏளனஞ் செய்யப்பட்டது. அரசு தொடர்ந்து முதலிட்டு அதனை மூன்று பெருங் கல்லூரிகளாக வளர்த்த பின்னரே அவ்வேளனம் தணிந்தது. மனப்பான்மை முதலிலும் பணம் பின்னரும் மாறவில்லை; வரிசை மறுதலையானது.

பணமில்லை என்பர் வேறு சிலர். இங்கு கலைப்பீட மாணவராகிய நாம் எம்மையே குற்றக்கூண்டில் நிறுத்த வேண்டியுள்ளது. 2020இல் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பட்டதாரிகளை அரச சேவையிற் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. அதற்கு முன்னரும் இத்தகைய நியமனங்கள் நிகழ்ந்தன. இவர்கட்குப் பணியென்ன என்று வரையறுக்குமுன்னரே சம்பளத்துக்குப் பணம் கண்டெடுக்கப்பட்டது. பட்டதாரி வீதியில் இறங்கிக் குரலெழுப்புவான். நாளை வாக்குகளையும் திரட்டுவான். ஒட்டுக்கம்பியில்லாத பயிலுநன் மௌனமாக வீடு திரும்புவான். எமது குரலுக்குக் கிடைத்த பணம் அவனது மௌனத்திலிருந்தும் எடுக்கப்பட்டதன்றோ? இதைக் கூறுவது எமது நலனுக்கு முரணானதே, உண்மைக்கு முரணானதன்று.

அவன் அறிவிற் குறைந்தவன் என எண்ணுவோர் 1990களின் யாழ்ப்பாணத்தை நினைவுகூரட்டும். பொருளாதாரத் தடையால் எரிபொருள் அற்றிருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டிகளை ஓடவைத்தவர்கள் ஊர்த் திருத்துநர்களே. சைக்கிள் டைனமோவால் வானொலி கேட்டது அத்தலைமுறை. அச்சமூகத்தைத் தாங்கியது எமது பட்டச் சான்றிதழன்று, அவர்களது கையறிவே.

எனவே நாம் வேண்டுவன இவை. பயிலுநன் ஒருவனுக்கு இவ்வளவென மூலப்பொருட் செலவை வரையறுத்து, ஆண்டின் நடுவில் வெட்ட இயலாத ஒதுக்கீடாக்குதல் வேண்டும். போதனாசிரியருக்குத் தனிச் சம்பளத் திட்டமும், குறித்த காலத்துக்கொருமுறை தொழிலகங்களிற் பணியாற்றச் சம்பளத்துடன் விடுமுறையும் வழங்கல் வேண்டும். தமிழிற் பாடநூல்களும் தேர்வாளரும் உறுதிசெய்யப்படல் வேண்டும். தகைமைச் சட்டகத்தின் படிகளில் ஏறிவருபவனுக்குப் பல்கலைக்கழகக் கதவு ஏட்டளவிலன்றி நடைமுறையிலும் திறத்தல் வேண்டும். இவை நான்கும் செய்யப்படாதவரை, புதிய சட்டமோ புதிய சபையோ வேண்டா.

இலவசக் கல்வி எமக்கு 1945இல் கிடைத்த பெருங்கொடை. அதன் முழுப் பயனையும் பேனா பிடித்த கையே துய்த்து வந்துள்ளது. கருவி பிடிக்கும் கைக்கும் அப்பயன் உரியது என்று கேட்கும் பொறுப்பு, அதனை அனுபவித்த எமக்கே முதலில் உரியது. அடுத்த முறை கல்விக்குக் கூடிய நிதி கேட்டு இவ்வளாகத்திலிருந்து ஊர்வலம் புறப்படும்போது, எமது கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் தொழினுட்பக் கல்லூரியின் பட்டறை இடம்பெறட்டும்.