உப்பளத்து வெயிலும் சிசுவும்

ஆரோவில்லிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள் தென்படும். 1968-ல் பொட்டல் செம்மேடாயிருந்த ஆரோவில்லில் இன்று காட்டு நிழல். உப்புப் பாத்தியிலோ மரம் நிற்காது.

உப்பள வேலையில் கர்ப்பிணிகளும் உண்டு. வயல், செங்கற்சூளை, உப்பளம் முதலிய இடங்களில் உழைப்போர் உட்படத் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 800 பேரைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிலையத்தார் ஆராய்ந்தனர். 2024-ல் வெளியான முடிவு என்ன? கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு! குழந்தை பிறக்கும்வரை வெயில் காத்திருப்பதில்லை.

கடற்காற்றின் ஈரத்தில் வேர்வை எளிதில் உலராது. உலர்ந்தாலன்றோ உடல் குளிரும்? கைக்குழந்தையின் சிற்றுடலோ விரைவில் சூடேறிவிடும். தாகமென்று சொல்லவும் அதற்குத் தெரியாது.

வெட்கக்கேடான விஷயம் ஒன்றுண்டு, நேயர்களே! கழிப்பிடமில்லாத உப்பளங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். 1930-ல் உப்புக்காக வேதாரண்யம் வரை நடந்த தேசம், உப்பு வாருகிறவளுக்கு ஒரு மறைவிடம் கட்டித் தரவில்லை.

2024-ல் தமிழ்நாட்டு சர்க்கார் வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது நல்லதே. அதனால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் கிடைக்கும். அந்தத் தொகையைக் கொண்டு, யாரும் மாளுமுன்பே, வரப்போரம் ஒரு கீற்றுக் கொட்டகையும், பானை நிறையத் தண்ணீரும், கதவுள்ள கழிப்பிடமும் அமைக்கலாமே!