காலுக்கு விலை வைத்தது யார்?

மாட்டுச் சந்தையிலே துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாடு மௌனமாக நிற்கும். அதற்குக் கொம்புண்டு, குரலுண்டு. விலை பேசுமிடத்தில் உரிமை மட்டும் இல்லை. ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் ஆட்டக்காரனுக்கு விலை வைத்த வரலாற்றைப் புரட்டினோம். துண்டு மட்டுந்தான் அங்கே இல்லை!

"திறமைக்குத்தானே விலை?" என்று கேட்பர் கழக முதலாளிகளின் காவலர்கள். திறமைக்கென்றால் கணக்கைக் காட்டுக! அவர்கள் காட்டார்கள், நாம் காட்டுகிறோம்.

இங்கிலாந்தில் 1901-இல், ஆட்டக்காரனின் வாரக் கூலி 4 பவுனைத் தாண்டலாகாது என்று வரம்பு கட்டினர். 1905-இல் ஆல்ஃப் காமன் என்பாரைச் சண்டர்லாந்து கழகத்திடமிருந்து மிடில்ஸ்பரோ கழகம் 1,000 பவுனுக்கு வாங்கியது. உச்சக் கூலிக்காரன் ஏறத்தாழ ஐந்தாண்டு உழைத்தால் கிடைக்கும் தொகை அது! வியர்த்தவனுக்கு வரம்பு, விற்றவனுக்கு வாரி வழங்கல்!

1961 சனவரியில், ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோமென எழுந்து நின்றது. 20 பவுன் என்றிருந்த வரம்பு ஒழிந்தது. ஃபுல்ஹாம் கழகத்தின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுன் பெற்றார். அவர் கால்கள் ஐந்து மடங்கு வளர்ந்துவிட்டனவா? இல்லை, வளர்ந்தது சங்கத்தின் வலிமை!

பெல்ஜியத்துக்கு வாருங்கள். ஜான் மார்க் போஸ்மன் என்ற ஆட்டக்காரரை லியேஜ் கழகம் 1988-இல் 30 இலட்சம் பிராங்குக்கு வாங்கியது. 1990-இல் ஒப்பந்தம் முடியும் தறுவாயில், மாதம் 1,20,000 பிராங்கு பெற்றவருக்கு 30,000 தருவதாகச் சொன்னது. அவர் மறுத்தார். உடனே விற்பனைப் பட்டியல்! கேட்ட விலையோ 1,17,43,000 பிராங்கு! ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ப 14 முதல் 2 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கு என்பதே அந்நாட்டுச் சங்கத்தின் விதி. ஒரே ஆள், ஒரே ஆண்டு. கூலி கேட்டால் கால் பங்கு. கூவி விற்றால் நான்கு பங்கு! இதற்குப் பெயரா மதிப்பீடு?

போஸ்மன் நீதிமன்றம் ஏறினார். 1995 திசம்பர் 15-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஒப்பந்தம் முடிந்தவனுக்கு விலை கேட்பது செல்லாது என்றது. தளை அறுந்தது, ஆனால் தந்திரம் அறவில்லை.

இன்று விலையை முடிவு செய்வன எவை? வயது, ஆடும் இடம், போட்டியிடும் கழகங்களின் பணப்பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒப்பந்தத்தில் எஞ்சிய காலம். நான்காண்டு மிச்சமிருப்பவனுக்கு நல்ல விலை. ஆறு மாதமே மிச்சமிருந்தால் அடிமாட்டு விலை. கால் அதே கால்தான். அப்படியானால் விற்கப்படுவது ஆற்றலா, அவனைக் கட்டியுள்ள கயிறா?

கணக்கேட்டைப் பாருங்கள். வாங்கிய வீரனின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டுச் செலவெழுதுகிறார்கள். கழகமே சிறுவயதிலிருந்து வளர்த்த பிள்ளைக்கு அவ்வேட்டில் வாங்கிய விலையே இல்லை. ஆதலால் அவனை விற்றால் வருவதெல்லாம் இலாபம்! ஊரார் நெஞ்சில் அவன் செல்வமகன், ஏட்டிலே சுழியம்!

"2017-இல் நெய்மாருக்கு 22 கோடியே 20 இலட்சம் யூரோ கொடுத்தார்களே! கோடீசுவரருக்காகவா உங்கள் கண்ணீர்?" என்று நகைப்போர் உண்டு. அத்தொகை பார்சிலோனா கழகத்துக்குப் போன விடுவிப்புத் தொகை, அவர் சம்பளமன்று. ஒரு நெய்மாரைக் காட்டி, பயிற்சிக்கூடங்களிலிருந்து வெளியே தள்ளப்படும் ஆயிரமாயிரம் சிறுவரை மறைக்காதீர்!

உழைப்புக்குக் கூலி பேசுக. ஒப்பந்தத்தை இருவரும் மதிக்க. ஆளுக்கு விலை பேசாதீர்! விலை விண்ணிலிருந்து விழுந்ததன்று, விதியின் எழுத்துமன்று. மனிதர் எழுதிய சட்டம் அது. 1961-இல் சங்கம் அதைத் திருத்திற்று; 1995-இல் ஒருவர் துணிவு திருத்திற்று. இளைஞர்களே! "இவன் விலை என்ன?" என்று எவர் பேசினும், "வைத்தவன் யார்? பெறுபவன் யார்?" என்று கேளுங்கள்.