ஆப்சென்ட்டை ஃபெயில் என்று எழுதாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

தேசிய அளவில் இளையோர் போட்டி எது முடிந்தாலும், எந்த மாநிலம் எத்தனையாவது இடம் என்ற பட்டியல் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. பின்னாலேயே தீர்ப்பும் வந்துவிடும். "வடக்கத்திப் பிள்ளைகள் பாலும் நெய்யும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், நம் பிள்ளைகளுக்கு அந்த உடம்பு ஏது?" என்பார் ஒருவர். பேஸ்பால் என்றால் கேட்கவே வேண்டாம். "அமெரிக்காக்காரன் ஆட்டம். பஞ்சாப், டெல்லி, மகாராஷ்டிரா ஆடிவிட்டுப் போகட்டும், நமக்கு எதற்கு?" என்பார் இன்னொருவர். படித்தவர்களே இப்படிப் பேசுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

மார்க் ரிஜிஸ்டர் எழுதியே வாழ்நாளைக் கழித்தவர்கள் ஆசிரியர்கள். பரீட்சை எழுதி மார்க் வாங்காதவன் ஃபெயில். பரீட்சைக்கே வராதவன் ஆப்சென்ட். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் தலைமை ஆசிரியர் விடமாட்டார். மாநிலப் பட்டியலைப் பார்க்கும்போது மட்டும் நாம் அந்தத் தப்பைக் கூச்சமில்லாமல் செய்கிறோம்.

கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் ஹரியானாவில் நடந்தது. ஹரியானா முதலிடம். அடுத்தது மத்தியப் பிரதேசத்தில். அந்த மாநிலம் மூன்றாவது இடம். 2024 ஜனவரியில் நம் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்தது. தமிழ்நாடு 38 தங்கம் உட்பட 98 பதக்கங்களோடு இரண்டாவது இடம். 35 தங்கம் வாங்கிய ஹரியானா நமக்குக் கீழே! 2025 மே மாதம் பீகாரில் நடந்தபோது முதல் மூன்று இடங்கள் மகாராஷ்டிரா, ஹரியானா, ராஜஸ்தான். நாம் அதில் இல்லை.

பதினாறு மாதத்தில் நம் பிள்ளைகளின் எலும்பும் சதையும் மாறிவிட்டதா? ரத்தம் மாறிவிட்டதா? நம் ஊரில் நடக்கிறது என்றதும் பணம் வந்தது, பயிற்சியாளர் வந்தார், முகாம் நடந்தது, பிள்ளைகள் ஜெயித்தார்கள். போட்டியை நடத்தினால் போதும் என்று நான் சொல்லவில்லை. மகாராஷ்டிரா எங்கே நடந்தாலும் மேலேதான் நிற்கிறது. அங்கே தயாரிப்பு வருடம் முழுக்க நடக்கிறது. ஹரியானாவின் மக்கள்தொகை 2011 கணக்குப்படி சுமார் இரண்டரைக் கோடி. நாம் ஏழு கோடிக்கு மேல். உடம்புதான் காரணம் என்றால் இவ்வளவு தலைகளில் நமக்கு ஒரு நல்ல தோள்கூடவா கிடைக்காது?

தோள் என்றதும் பேஸ்பால் கதை ஒன்று சொல்கிறேன். ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துப் பையன்கள் இருவர். பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. லக்னோவில் அரசு விளையாட்டு விடுதியில் தங்கி ஈட்டி எறிந்துகொண்டிருந்தார்கள். 2008இல் ஒரு போட்டியில் வேகமாகப் பந்து எறிந்து காட்டினார்கள். அந்த வருடமே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. ஹாலிவுட்டில் சினிமாவே எடுத்தார்கள். அவர்களுக்குத் தோளில் பலம் இருந்தது உண்மை. ஆனால் விடுதியும் பயிற்சியாளரும் இல்லாமல் போயிருந்தால் அந்தத் தோள் வயலில் மண்வெட்டிதான் பிடித்திருக்கும்.

நம் மலையில் பேரிக்காய் மரத்துக்குக் குறி தவறாமல் கல் எறிகிற பிள்ளைகள் எத்தனை பேர்! பேஸ்பாலில் பந்து எறிபவருக்கும் அடிப்பவர் நிற்கும் இடத்துக்கும் நடுவில் 18 மீட்டர் சொச்சம்தான். நம் பிள்ளைக்கு அது ஒரு தூரமா? சமதரை இருந்தால்தானே! எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளைகள் லேபர் ஷெட் முன்னால் இருக்கிற துண்டு இடத்தில் ஆடுகிறார்கள். பந்து தேயிலைச் செடிக்குள் உருண்டால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

"மலையில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர்களுக்கு மணிப்பூரைக் காட்டுகிறேன். நம் கோவை மாவட்டத்தைவிட ஜனத்தொகை குறைந்த மாநிலம். மீராபாய் சானு தினமும் இம்பாலுக்குப் பயிற்சிக்குப் போக, மணல் லாரி ஓட்டுநர்கள் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு போனார்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கித் திரும்பியதும் அவர்களைத் தேடிப்பிடித்து அழைத்து, விருந்து வைத்து மரியாதை செய்தார். ஒரு லாரி சவாரிக்கும் ஒலிம்பிக் பதக்கத்துக்கும் உள்ள சம்பந்தம் இதுதான். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கிலோமீட்டர். பந்தலூர் அதற்கும் அப்பால். தேர்வுப் போட்டி காலையில் என்றால் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்து, யார் காசில் பஸ் ஏறும்?

வராமலே போன கதையும் உண்டு. 2023 ஜூனில் தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, தகவல் உரிய நேரத்தில் போய்ச் சேராததால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போகவே முடியவில்லை. அந்தப் பட்டியலில் நமக்கு வரவேண்டியது என்ன? ஃபெயிலா, ஆப்சென்ட்டா? நீங்களே சொல்லுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. 2012இல் உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பவரின் பிழைப்பே விளையாட்டாகிவிட்டால் பதக்கம் எங்கிருந்து வரும்?

பேஸ்பால் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மறுபடி வருகிறது, கிரிக்கெட்டோடு சேர்ந்து. அதற்கடுத்த ஒலிம்பிக்குகளின் வயதில் இருப்பவர்கள் உங்கள் பிள்ளைகள், உங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் பிள்ளைகள். எனவே மூன்று வேலை தருகிறேன். வீட்டுப்பாடம்தான்.

ஒன்று, சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அரசு அறிவித்திருக்கிறது. நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர் என்று மூன்று தொகுதி. உங்கள் தொகுதியில் வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு, பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் கணக்கு மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். பி.டி. பீரியடில் பிள்ளைகளை வெளியே விடுகிறார்களா என்றும் கேளுங்கள். மூன்று, வெளியூரில் நன்றாகச் சம்பாதிக்கும் என் மாணவர்களே, படித்த பள்ளிக்குப் பொன்னாடை, கேடயம் எதுவும் வேண்டாம். தேர்வுப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துப் பஸ் செலவைக் கொடுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு அடுத்த பட்டியல் வரும்போது பேசுவோம். அதுவரை நம் பிள்ளைகளுக்கு உடம்பு இல்லை என்று எவரும் குழுவில் எழுதக்கூடாது. எழுதினால், வயது வித்தியாசம் பார்க்காமல் பெஞ்சு மேல் ஏற்றுவேன்.

அன்புடன்,
உங்கள் பழைய டீச்சர்